சரள் பாதையில் சைக்கிள்: அண்ணாச்சி பதில்கள்

(கால்வாய்க்கரை, குளத்துக்கரை, வண்டிப்பாதை என்று நெல்லைச் சீமையைச் சைக்கிளில் சுற்ற நினைக்கும் வாசகர்களின் கேள்விகளுக்கு, பொதுப்பணித்துறையில் கால்வாய் வேலை பார்த்து ஓய்வுபெற்ற நம் அண்ணாச்சி பதில் சொல்கிறார்.)

மகன் பெங்களூரிலிருந்து, சரள் பாதையிலும் ஓட்டுகிற மாதிரி ஒரு கிராவல் பைக் வாங்கி அனுப்பியிருக்கிறான். கைப்பிடி ரேஸ் சைக்கிள் மாதிரி வளைந்திருக்கிறது, டயர் மட்டும் தடிமன். எனக்கு வயது 52. முதலில் எங்கே ஓட்டிப் பார்க்கலாம், அண்ணாச்சி?
– வாசகர், பாளையங்கோட்டை

கன்னடியன் கால்வாய்க்கரை. வேறு யோசனையே வேண்டாம்.

கல்லிடைக்குறிச்சிப் பக்கம் அணைக்கட்டில் பிரிந்து, வீரவநல்லூர், சேரன்மகாதேவி, பத்தமடை என்று ஆற்றுக்குத் தெற்காகவே வருகிற கால்வாய் இது. தாமிரபரணியில் உள்ள எட்டு அணைக்கட்டுகளில் கடைசியான ஸ்ரீவைகுண்டம் ஒன்றுதான் வெள்ளைக்காரன் கட்டியது. மற்ற ஏழும் அவனுக்கு முந்தியவை. கன்னடியனும் அந்த ஏழில் ஒன்று. கன்னட தேசத்திலிருந்து வந்த ஒருவன், ஒரு பசுவை முன்னே விட்டு, அது நடந்த வழியிலேயே இந்தக் கால்வாயை வெட்டினான் என்று கதை சொல்வார்கள். கரையில் ஓட்டிப் பார்த்தால் கதையை நம்பத்தான் தோன்றும், அத்தனை வளைவு.

சமதளத்துக்குத்தான் இதை முதலில் சொல்கிறேன். தண்ணீர் தன்பாட்டுக்கு ஓடவேண்டும் என்பதற்காக, கால்வாயை மேட்டு ஓரமாகவே கொண்டுபோயிருக்கிறார்கள். ஏற்றமும் கிடையாது, இறக்கமும் கிடையாது. 52 வயது முழங்காலுக்கு வேறென்ன வேண்டும்? தெற்கே மேடு, வடக்கே வயல். அதனால் வடகரையைத்தான் உயர்த்திப் போட்டிருப்பார்கள், வண்டிப்பாதையும் அதன்மேல்தான். ஊர் பக்கத்தில் வந்தால் தாரோ சிமெண்டோ இருக்கும், ஊர் தாண்டினால் சரள், சில இடத்தில் வெறும் மண்.

கவனிக்கவேண்டியது இரண்டு. ஒன்று, கன்றுக்குட்டிக் கயிறு. மாடு கரைக்கு இந்தப் பக்கம் மேயும், முளை அந்தப் பக்கம் அடித்திருக்கும், கயிறு புல்லோடு புல்லாகப் பாதைக்குக் குறுக்கே கிடக்கும். மாட்டைக் கண்டால் வேகத்தைக் குறையுங்கள். இரண்டாவது, படித்துறை. பெண்கள் குளிக்கும் இடத்துக்கு நூறு அடி முன்னாலேயே மணி அடித்து, நேரே பார்த்துக்கொண்டு போய்விடவேண்டும். அங்கே நின்று செல்போனை எடுத்தால் வசவு விழும், விழத்தான் வேண்டும்.

காற்றைக் கல்லு மாதிரி அடித்துவிடாதீர்கள். 40 மி.மீ. டயருக்கு, உங்கள் எடையைப் பொறுத்து காற்றழுத்தம் 35 முதல் 40 பி.எஸ்.ஐ. போதும்.

எந்த மாதம் நல்லது?
– வாசகர், தென்காசி

தை, மாசி. பிசான நெல் சாகுபடிக்குக் கால்வாயில் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும், ஐப்பசி கார்த்திகைச் சகதி காய்ந்திருக்கும், வெயிலும் ஏறியிருக்காது. அறுப்பு தொடங்கியபிறகு வந்தால் ஊர்ச்சாலையில் பாதியை நெல் காயப்போட்டிருப்பார்கள். அதன்மேல் ஏற்றாமல் ஓரம் போங்கள்.

மாஞ்சோலைக்கு கிராவல் பைக்கில் போகலாமா?
– வாசகர், அம்பாசமுத்திரம்

அது களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகம். வனத்துறை அனுமதி இல்லாமல் போகமுடியாது. மணிமுத்தாறு அணை வரைக்கும் போய் மலையைப் பார்த்துவிட்டுத் திரும்புங்கள், அதுவே நல்ல சவாரிதான்.

ஜூலையில் லீவு கிடைக்கிறது. சென்னையிலிருந்து நண்பர்கள் மூன்று பேர் வருகிறோம். நெல்லையிலிருந்து கிளம்பி மேற்கே தென்காசி வரை கிராமப் பாதையிலேயே ஓட்டத் திட்டம். சரியா?
– வாசகர், தாம்பரம்

திட்டத்தைத் திருப்பிப் போடுங்கள். ஆனி ஆடியில் தென்மேற்குக் காற்று செங்கோட்டைக் கணவாய் வழியாகவும் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகவும் புகுந்து வரும். முப்பந்தல், பணகுடி, ராதாபுரம் பக்கம் அத்தனை காற்றாலை நிற்பது பின்னே எதற்கு? மேற்கே பார்த்து மிதித்தால், சமதரையிலும் மலை ஏறுகிற கியரில்தான் போவீர்கள். செங்கோட்டை ரயிலில் தென்காசிக்கு வந்துவிடுங்கள். சைக்கிளுக்குத் தனியாகப் பதிவு உண்டா என்று நிலையத்தில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். அங்கேயிருந்து கிழக்கே பார்த்து ஓட்டினால் காற்று முதுகில் இருக்கும். அப்படியும் பக்கக்காற்று உண்டு. குளத்துக்கரை மேலே ஏறியதும் கைப்பிடியைக் கெட்டியாகப் பிடியுங்கள்.

முள்ளு! ஒரே நாளில் மூன்று பஞ்சர். என்னதான் செய்வது?
– வாசகர், வள்ளியூர்

உங்கள் பக்கம் உடைமரம் கூடுதல். மரத்தில் இருக்கிற முள் ஒன்றும் செய்யாது. வேலி அடைக்க உடையை வெட்டி இழுத்துக்கொண்டு போவார்களே, அந்தப் பாதைதான் மோசம். மண்ணில் புதிதாகக் கிளை இழுத்த தடம் தெரிந்தால் இறங்கி உருட்டிவிடுங்கள். ட்யூப்லெஸ் டயர் போட்டு உள்ளே சீலன்ட் என்கிற ஓட்டை அடைக்கும் திரவத்தை ஊற்றினால், நெருஞ்சியும் சின்ன முள்ளும் குத்தின இடத்திலேயே அடைபடும். நம் வெயிலுக்குச் சீலன்ட் சீக்கிரம் காய்ந்துபோகும், இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை திறந்து பாருங்கள். சாதா டியூப் என்றால் ஒட்டுகிறதற்கு முன்னால் டயரின் உள்பக்கம் துணியை வைத்துத் துடைத்துப் பாருங்கள். முறிந்த முனை உள்ளேயே இருந்தால் பத்து நிமிஷத்தில் மறுபடியும் பஞ்சர்தான்.

கோவில்பட்டி, விளாத்திகுளம் பக்கம் கரிசல் காட்டுப் பாதையில் ஓட்டலாமா?
– வாசகர், எட்டையபுரம்

மழை பெய்து இரண்டு நாள் வெயில் அடித்த பிறகு கேளுங்கள். ஈரக் கரிசல் டயரில் ஏறி, ஃபோர்க்குக்கும் சக்கரத்துக்கும் நடுவில் அடைத்துக்கொண்டால் சக்கரம் நின்றுவிடும். சைக்கிளைத் தோளில் தூக்கவேண்டியதுதான். காய்ந்தபின் அதைப்போல வழவழப்பான வண்டித்தடம் வேறெங்கும் கிடையாது. சித்திரைக்குமேல் வெடிப்பு விழும், முன்சக்கரம் இறங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரே நாளில் குளம், தேரி என்கிற செம்மணல் காடு, கடல் மூன்றையும் பார்க்க ஒரு வழி சொல்லுங்கள்.
– வாசகர், மதுரை

மூன்றடைப்பில் நான்குவழிச் சாலையை விட்டுக் கிழக்கே இறங்கி, விடியும்போது கூந்தன்குளத்தில் இருங்கள். 1994-ல் சரணாலயமாக அறிவித்தார்கள். ஊர்க்காரர்கள் பறவையைத் தங்கள் வீட்டு உருப்படியாகவே நினைக்கிறார்கள், தீபாவளிக்குக்கூட வெடி போடமாட்டார்கள். கூழைக்கடாவும் நாரையும் தெருவோர மரத்திலேயே கூடு கட்டும். சைக்கிளைச் சத்தமில்லாமல் உருட்டிக்கொண்டு போங்கள்.

பிறகு தெற்கே விஜயநாராயணம், இட்டமொழி, திசையன்விளை, உவரி. இந்தப் பக்கத்துக் குளங்கள் எல்லாம் வானம் பார்த்தவை. மணிமுத்தாறு பிரதானக் கால்வாயின் மூன்றாவது, நான்காவது ரீச்சில், அதாவது பகுதியில், தண்ணீர் விட்டால் நிறையும், விடாவிட்டால் சீமைக்கருவேலம்தான். 1958-ல் மணிமுத்தாறு அணையைக் கட்டி முடித்ததே இந்த வறண்ட காட்டையும் நினைத்துத்தான். ரீச்சுக் கரையிலும் ஓட்டலாம், ஆனால் நிழல் கிடையாது. விஜயநாராயணத்தில் கடற்படைத் தளம் இருக்கிறது, அந்த வேலிப்பக்கம் நின்று படம் எடுக்கவேண்டாம்.

தேரியில் ஓட்ட ஆசைப்படாதீர்கள். செக்கச்செவேல் என்று படத்துக்கு அழகாக இருக்கும், காற்று குவித்த மணலில் 45 மி.மீ. டயரும் அச்சுவரை இறங்கும். ஓரத்தில் பனைவிளைகளுக்கு நடுவே மண் கொஞ்சம் கெட்டி, அதிலே போங்கள். பங்குனியில் போனால் வழியில் பதநீர் கிடைக்கும். வெயில் ஏறுவதற்குள் வாங்கிக் குடித்துவிடுங்கள், மத்தியானம் குடித்துவிட்டு மிதித்தால் வயிறு ஒத்துக்கொள்ளாது.

கூகுள் மேப் காட்டிய பாதையில் போனேன். குளத்துக்குள்ளே இறங்குகிறது!
– வாசகர், நாங்குநேரி

குளம் வற்றிய காலத்தில் மாட்டுவண்டி போன தடமாக இருக்கும், மேப் அதைப் பாதை என்று எடுத்துக்கொண்டிருக்கும். தண்ணீர் இருக்கும்போது கரைமேலேதான் சுற்றவேண்டும். குளம் நிறைந்தால் உபரித் தண்ணீர் வெளியேறுகிற மறுகால் எந்தக் கோடியில் இருக்கிறது என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். மறுகால் பாய்ந்தால் கரை அங்கே முடிந்தது என்று அர்த்தம். பாசி படிந்த கல்லில் சைக்கிளோடு கடக்க முயலாமல் வந்த வழியே திரும்புங்கள்.

நானும் கல்லூரியில் படிக்கும் என் மகளும் சனிக்கிழமைதோறும் ஓட்டுகிறோம். எந்த ஊருக்குள் நுழைந்தாலும் பெரியவர்கள் நிறுத்தி, "யாரு வீட்டுப் பிள்ள? எங்க போறிய?" என்று விசாரிக்கிறார்கள். மகளுக்குக் கோபம் வருகிறது. பதில் சொல்லத்தான் வேண்டுமா, அண்ணாச்சி?
– வாசகி, சேரன்மகாதேவி

சொல்லுங்கள் தாயி. கோபத்தில் தப்பில்லை, வெளியூர்ப் பையன்கள் நான்குபேர் போனால் இத்தனை விசாரணை நடக்காது என்பது எனக்கும் தெரியும். ஆனால் கரையைச் செப்பனிட்டுக் காப்பாற்றுகிறவர்கள் அவர்கள்தான், புது ஆளைக் கேட்பது அவர்களுக்குப் பழக்கம். நான் அரசாங்க வேலையாக, மடை திறந்து மூடுகிற காக்கிச்சட்டை லஸ்கரோடு சைக்கிளில் போனபோதே என்னையும் கேட்டார்கள். ஊர்ப்பேரைச் சொல்லிவிட்டு, நீங்கள் ஒரு கேள்வியைத் திருப்பிக் கேளுங்கள்: "தாத்தா, மேலமடைக்கு அந்தால பாதை நல்லா இருக்கா?" எந்த மேப்பிலும் இல்லாத தகவல் அவரிடம் இருக்கும். எந்த மடை உடைந்து கிடக்கிறது, எந்தத் தோப்பில் நாய் கடிக்கும், எங்கே முள் இழுத்திருக்கிறார்கள், எல்லாம் சொல்வார். காப்பி குடிக்கவும் கூப்பிடுவார். போக விருப்பமில்லை என்றால், மாலை வெயில் இறங்குவதற்குள் வீடு சேரவேண்டும் என்று சொல்லுங்கள், விட்டுவிடுவார்.