அடிக்கிறான், எறிகிறான், நோட்டைக் கிழிக்கிறான்: யாரிடம் காட்டுவது?

கேள்வி: என் மகனுக்கு எட்டு வயது, மூன்றாம் வகுப்பு. வகுப்பில் உட்காருவதில்லை, பக்கத்துப் பிள்ளைகளை அடிக்கிறான், நோட்டைக் கிழிக்கிறான். வீட்டில் செல்போனைத் திரும்ப வாங்கினால் கையில் கிடைத்ததை எறிகிறான். பள்ளியில் டி.சி. வாங்கிக்கொள்ளச் சொல்கிறார்கள். மாமியார் மந்திரிக்கச் சொல்கிறார். மனநல மருத்துவரிடம் போனால் மாத்திரை கொடுத்துத் தூங்க வைத்துவிடுவார்களோ என்று கணவருக்குப் பயம். எங்கே தொடங்குவது?
- ஒரு வாசகி, விருதுநகர் மாவட்டம்

பதில்: நோட்டைக் கிழிக்கிறான் என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். எங்கள் கவனம் அதில்தான் நிற்கிறது. எந்தப் பாடவேளையில் கிழிக்கிறான்? படிக்கும்போதும் எழுதும்போதும் மட்டும் என்றால், எழுத்துக்கூட்ட முடியாத திணறலை அப்படிக் காட்டுகிறானோ என்று பார்க்க வேண்டும். கற்றல் குறைபாட்டைச் சோதித்து உறுதிசெய்ய இது ஏற்ற வயது. வீடு, பள்ளி இரண்டிலும், ஆறு மாதத்துக்கு மேலாக, ஒரு நிலையில் இருக்க முடியவில்லை என்றால் ஏ.டி.எச்.டி.யா (கவனம் நிலைக்காமல் துறுதுறுவென்று இருக்கும் குறைபாடு) என்று பார்ப்பார்கள். இரண்டும் சேர்ந்தே இருக்கும் பிள்ளைகளும் உண்டு. அதனால் நீங்கள் கேட்க வேண்டியது புத்தி சொல்லும் கவுன்சலிங் அல்ல; முறையான மதிப்பீடு.

முதலில் குழந்தைகள் நல மருத்துவர். காதும் கண்ணும் சரியாக இருக்கின்றனவா, ரத்தசோகை உண்டா என்று பார்க்கச் சொல்லுங்கள். வாயைத் திறந்து குறட்டை விட்டுத் தூங்குகிறானா, சில நொடிகள் கூப்பிட்டாலும் கேட்காமல் வெறித்து நிற்கிறானா என்பதையும் மறக்காமல் சொல்லுங்கள். தூக்கம் கெட்ட பிள்ளை பகலில் எரிந்து விழுவான்; வெறித்து நிற்பது வலிப்பின் ஒரு வகையாக இருக்கலாம்.

அடுத்து அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவு. விருதுநகரில் உண்டு, மதுரை ராஜாஜி மருத்துவமனையிலும் உண்டு. குழந்தைகளுக்குத் தனி ஓ.பி. நாள் இருக்கிறதா என்று விசாரித்துவிட்டுப் போங்கள். பள்ளிக்கு வரும் அரசு மருத்துவக் குழுவிடம் சொன்னால், 18 வயது வரையிலான பிள்ளைகளை இலவசமாகப் பார்க்கும் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு (டி.இ.ஐ.சி.) அனுப்புவார்கள். கிளம்பும் முன் ஒரு வார்த்தை பேச வேண்டுமென்றால் 14416 (டெலி மானஸ் என்னும் அரசு மனநல உதவி எண்): இலவசம், எந்நேரமும், தமிழிலும் பேசலாம்.

வெறுங்கையோடு போகாதீர்கள். கூட்டமான ஓ.பி.யில் பத்து நிமிடம் கிடைத்தாலே பெரிது. அதில் ‘ரொம்ப அடம், டாக்டர்’ என்று மட்டும் சொன்னால் அவருக்குப் பிடி கிடைக்காது. இரண்டு வாரம் ஒரு நோட்டில் எழுதுங்கள்: வெடிப்பதற்குச் சற்று முன் என்ன நடந்தது, என்ன செய்தான், அதற்குப் பின் அவனுக்கு என்ன கிடைத்தது. மூன்றாவதுதான் முக்கியம். எறிந்ததும் செல்போன் திரும்பக் கிடைக்கிறதா? அடித்ததும் வகுப்புக்கு வெளியே அனுப்பிவிடுவதால் எழுத்து வேலையிலிருந்து தப்பிக்கிறானா? வகுப்பாசிரியரிடம் வாங்கிய ஒரு பக்கக் கடிதம், பிரசவ டிஸ்சார்ஜ் சீட்டு, மூன்றாம் வகுப்பு நோட்டுகள் (கிழிந்ததையும்) கொண்டுபோங்கள்.

மாத்திரை பற்றி உங்கள் கணவரிடம் இதைச் சொல்லுங்கள். எல்லாப் பிள்ளைக்கும் மாத்திரை தருவதில்லை. ஏ.டி.எச்.டி. உறுதியாகி, படிப்பையும் பழக்கத்தையும் அது கெடுக்கும்போது தரப்படும் மெத்தில்பெனிடேட் தூக்க மருந்தல்ல. பசியையும் தூக்கத்தையும் அது குறைக்கலாம் என்பதால்தான் எடை, உயரம், ரத்த அழுத்தத்தை அவ்வப்போது பார்க்கிறார்கள். எது தந்தாலும் என்ன மாறும், எத்தனை நாளில் மாறும், எப்போது நிறுத்துவோம் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

சிகிச்சையின் பெரும்பங்கு பெற்றோருக்கான பயிற்சி. ஒரு நேரத்தில் ஒரே கட்டளை, அருகில் போய், சுருக்கமாக. சொன்னபடி செய்த நொடியில் ‘போனை நீயே வெச்சுட்டியே, நல்லது’ என்று செய்ததைக் குறிப்பிட்டே பாராட்டு. போன் நேரம் முடிந்தால் முடிந்ததுதான். இங்கேதான் பலர் தோற்கிறார்கள்: விட்டுக்கொடுக்காமல் நின்றால் முதல் சில நாள் அடம் கூடும், ஏனெனில் இதுவரை பலித்த வழியை அவன் இன்னும் பலமாகப் போட்டுப் பார்ப்பான். நான்காம் நாள் பாட்டி இரக்கப்பட்டுப் போனைக் கொடுத்தால், நான்கு நாள் கத்தினால் கிடைக்கும் என்று கற்றுக்கொள்வான். அதனால் மாமியாரையும் ஒரு முறை மருத்துவமனைக்கு அழைத்துப்போங்கள். மந்திரிப்பதற்காக அவரோடு சண்டை வேண்டாம். ஆனால் அடி, புகை, பட்டினி கூடாது, மருத்துவர் சொன்ன தேதியும் தள்ளிப்போகக் கூடாது.

தனியாரிடம் போனால், மருத்துவ உளவியலாளருக்கு இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலின் பதிவு எண் இருக்கிறதா என்று கூச்சப்படாமல் கேளுங்கள். ‘பத்து சிட்டிங்கில் சரியாகிவிடும்’ என்பவரையும், எட்டு வயதுப் பிள்ளையை உள்ளே வைத்துக்கொண்டு பெற்றோரை ஒரு முறைகூடக் கூப்பிட்டுப் பேசாதவரையும் தவிர்த்துவிடுங்கள்.

அமைதியாக இருந்தவன் திடீரென்று இப்படி மாறியிருந்தால் காத்திருக்க வேண்டாம். யாராவது அடிக்கிறார்களா, தொடக்கூடாத இடத்தில் தொடுகிறார்களா என்று பதறாமல் கேளுங்கள். சந்தேகம் இருந்தால் குழந்தைகள் உதவி எண் 1098. செத்துப்போறேன் என்று சொன்னால் அன்றே மருத்துவமனை.

டி.சி.யை நீங்களாகக் கேட்டு எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். கல்வி உரிமைச் சட்டம் 2009-இன்படி எட்டாம் வகுப்பு முடியும்வரை பிள்ளையை வெளியேற்றக் கூடாது, அடிக்கவும் கூடாது. சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. மருத்துவமனைச் சீட்டின் நகலை இணைத்து, மதிப்பீடு நடக்கிறது, அவகாசம் வேண்டும் என்று தலைமை ஆசிரியருக்கு எழுதிக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையொப்பம் வாங்குங்கள்.