மாணவர்கள் நடத்தும் நிதி திரட்டும் நிகழ்ச்சியில் 'நிகர வசூல்' என்றால் என்ன?

வந்த மொத்தப் பணத்தில் செலவைக் கழித்தது போக மிஞ்சுவதுதான் நிகர வசூல். யாருக்காக நிதி திரட்டுகிறோமோ அவர்கள் கைக்குப் போவது இது மட்டும்தான்.

இதைத் திட்டமிடும்போதே ஏன் கணக்குப் போட வேண்டும்? அரங்க வாடகை, ஒலிபெருக்கி போன்ற செலவுகள் எத்தனை பேர் வந்தாலும் மாறாது. சிற்றுண்டி, டிக்கெட் அச்சு போன்றவை ஆள் கூடக் கூட அதிகமாகும். மாறாத செலவு 6,000, டிக்கெட் விலை 50, ஓர் ஆளுக்கான செலவு 10 என்று வைத்துக்கொள்வோம். ஒரு டிக்கெட்டில் நிற்பது 40. அப்படியென்றால் 150 டிக்கெட் விற்கும்வரை ஒன்றும் மிஞ்சாது. நிதி சேரத் தொடங்குவதே 151-ஆவது டிக்கெட்டில்தான். வேன் பிடித்துச் சுற்றுலா போவது போலத்தான் இதுவும்: ஆள் குறைந்தாலும் வாடகை குறையாது.

நிகழ்ச்சி நாளில் பணம் வாங்குபவர் ஒருவர், கணக்கு எழுதுபவர் இன்னொருவர் என்று இருக்கட்டும். முடிந்ததும் இருவரும் சேர்ந்து எண்ணி, டிக்கெட் அடிக்கட்டைகளோடு ஒப்பிட்டுக் கையெழுத்திட வேண்டும். (சில்லறைக்காகக் காலையில் பெட்டியில் போட்ட பணத்தைக் கழிக்க மறந்துவிடுவார்கள். வசூல் கூடியதாகத் தெரிவது பாதி நேரம் இதனால்தான்!)

அப்புறம், ரசீதுகள் தொலைவதற்குள், அந்த வாரத்திலேயே மதிப்பிட்ட செலவையும் ஆன செலவையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். அடுத்த குழுவுக்குக் கொடுக்க அதைவிட நல்ல குறிப்பு கிடையாது.

கூட்டம் அலைமோதினால் வசூலும் அமோகம் என்று பலர் நினைக்கிறார்கள்; ஆனால் இலவசமாக உள்ளே வந்த ஒவ்வொருவருக்கும் அந்த 10 செலவாகத்தான் செய்கிறது.