அணிக் கணிப்பான் எழுதுவோர் கேட்டவை

கேள்வி: சி மொழியில் எழுதிய என் அணிக் (மேட்ரிக்ஸ்) கணிப்பானில், எண் கேட்கும் இடத்தில் ஓர் எழுத்தைத் தட்டினால் "தவறான உள்ளீடு" என்ற செய்தி திரையில் நிற்காமல் ஓடுகிறது. மடக்கில் (லூப்) பிழை ஏதும் தெரியவில்லை.

பதில்: மடக்கு சரியாகவே இருக்கும், காரணம் ஸ்கேன்எஃப். எண்ணை எதிர்பார்க்கும் அந்தச் செயற்கூறு, எழுத்தைக் கண்டால் அதை எடுக்காமல், தட்டியவை காத்திருக்கும் இடையகத்திலேயே (பஃபர்) விட்டுவிட்டுத் திரும்பிவிடும். அடுத்த சுற்றிலும் அதே எழுத்துதான் எதிரே நிற்கும். எஃப்கெட்ஸ் கொண்டு வரி முழுவதையும் சரமாக வாங்கி, எஸ்டிஆர்டுடி மூலம் எண்ணாக மாற்றி, எண்ணுக்குப் பின் வெற்றிடம் தவிர வேறெதுவும் மிச்சமில்லை என்பதையும் உறுதிசெய்யுங்கள். இல்லையேல் "3அ" என்பது 3 ஆக உள்ளே நுழைந்துவிடும். சி++ இல் உள்ளீட்டைப் படிக்கும் சின் பிழைநிலைக்குப் போயிருந்தால், முதலில் பிழைநிலையை நீக்கும் கிளியர், பிறகே மிச்ச எழுத்துகளைத் தள்ளிவிடும் இக்னோர். மாற்றி அழைத்தால் பயனில்லை.

கேள்வி: பெருக்கலுக்கு அணிகளின் வரிசை பொருந்துகிறதா என்பதை எப்போது சோதிப்பது?

பதில்: உறுப்புகளைக் கேட்பதற்கு முன். பயனரை 20 எண்களைத் தட்டச் செய்துவிட்டு, "பெருக்க இயலாது" என்று அறிவிப்பது கொடுமை. முதல் அணியின் நிரல்களின் (மேலிருந்து கீழ்) எண்ணிக்கையே இரண்டாம் அணியின் நிரைகளின் (இடமிருந்து வலம்) எண்ணிக்கை என்பதால், அதைக் கேட்கவே தேவையில்லை.

கேள்வி: என் புரோகிராம் வேலை செய்யவில்லை. உடனே உதவவும்.

பதில்: எந்த மொழி, எந்த உள்ளீடு, என்ன விடை வந்தது, என்ன வந்திருக்க வேண்டும் ஆகிய நான்கும் இல்லாமல் எழுதினால் என்னால் ஊகிக்க மட்டுமே முடியும். ஊகிப்பதைப் பற்றிய என் கருத்து அடுத்த பதிலில் இருக்கிறது.

கேள்வி: தவறான உள்ளீடு வந்தால் அந்த உறுப்பை 0 என்று வைத்துக்கொண்டு மேலே போகும்படி எழுதியிருக்கிறேன். புரோகிராம் ஒருபோதும் நின்றுபோவதில்லை. இது நல்ல முறைதானே?

பதில்: இல்லை. இந்தக் கேள்வி ஏதாவது ஒரு வடிவில் எனக்கு வந்துகொண்டே இருக்கிறது. சி மொழியின் ஏடுஐ செயற்கூறு, எண்ணே இல்லாத சரத்துக்கும் 0 ஐத் திருப்பித் தருவதும் இந்தப் பழக்கத்துக்கு ஒரு காரணம். பயனர் உண்மையாகவே 0 என்று தட்டினாரா, தவறிப்போய் வேறெதையோ தட்டினாரா என்பதை அந்த விடையிலிருந்து பிரித்தறிய வழியே இல்லை.

ஓர் அணியை எடுத்துக்கொள்வோம்: முதல் நிரை 2, 1, இரண்டாம் நிரை 5, 3. அணிக்கோவை (டிட்டர்மினன்ட்) 1, நேர்மாறு (இன்வெர்ஸ்) 3, −1 மற்றும் −5, 2 என முழு எண்களாகவே அமையும். இப்போது பயனர் 1 க்குப் பதிலாக, பார்வைக்கு அதைப்போலவே இருக்கும் ஆங்கிலச் சிறிய எல் எழுத்தைத் தட்டிவிட்டார் என்று கொள்ளுங்கள். உங்கள் புரோகிராம் அங்கே ஓசையின்றி 0 ஐ வைக்கிறது. அணிக்கோவை 6 ஆகிறது, நேர்மாறோ 0.5, 0 மற்றும் −0.83, 0.33 என்று வருகிறது. இந்த விடையைச் சரிபார்க்க அணியையும் நேர்மாறையும் பெருக்கிப் பார்க்கும் பகுதியை நீங்கள் எழுதியிருந்தாலும் அதுவும் கைகொடுக்காது; ஏனெனில் பெருக்கப்படுவது புரோகிராம் தானாக மாற்றிக்கொண்ட அணியே ஆதலால், அலகு அணி பழுதில்லாமல் வந்து நிற்கும். நின்றுபோகும் புரோகிராம் தன் குறையைத் தானே காட்டிக்கொள்கிறது. இதுவோ பொய்யைச் சொல்லிவிட்டு அதற்குச் சாட்சியும் வைக்கிறது.

செய்ய வேண்டியது எளிது. வரியைச் சரமாக வாங்குங்கள், சோதியுங்கள், தவறென்றால் "1 ஆம் நிரை, 2 ஆம் நிரல்: எண் அன்று, மறுபடி உள்ளிடுக" என்று இடத்தைச் சுட்டி, அந்த ஓர் உறுப்பை மட்டும் திரும்பக் கேளுங்கள். அணி முழுவதையும் முதலிலிருந்து கேட்பவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் தம் கணிப்பானில் 5×5 அணியை ஒரு முறையேனும் தாமே உள்ளிட்டுப் பார்ப்பது நல்லது. பூச்சியங்கள் மிகுந்த அணிகளுக்கு, வெறும் என்டர் விசையை 0 ஆகக் கொள்வதென்று முன்கூட்டியே அறிவித்து, கணக்கிடுவதற்கு முன் அணியைத் திரையில் காட்டினால் அதில் எனக்கு மறுப்பில்லை.

கேள்வி: பைத்தானில் ஃப்ளோட்டை டிரை–எக்செப்டுக்குள் வைத்துவிட்டேன். இது போதுமா?

பதில்: போதாது. "நான்" (nan, எண் அல்லாதது), "இன்ஃப்" (inf, முடிவிலி) ஆகியவற்றை ஆங்கிலத்தில் தட்டினால் ஃப்ளோட் தடையின்றி ஏற்கும். "எண் −1000 ஐவிடச் சிறிதா, 1000 ஐவிடப் பெரிதா" என்று கேட்டு மறுக்கும் சோதனையும் நானைத் தடுக்காது. அதனுடன் செய்யும் அவ்விரு ஒப்பீடுகளும் பொய் என்றே முடியும். மேத் தொகுதியின் இஸ்ஃபைனைட் கொண்டு வடிகட்டுங்கள். (தமிழ் எண்ணுருக்களில் ௧௨ என்று தட்டினாலும் பைத்தான் 12 ஆக ஏற்கும், அது குற்றமன்று.) எக்செப்டுக்குப் பின் வேல்யூஎரர் என்று பெயரிட்டு எழுதுங்கள். வெறும் எக்செப்ட், கன்ட்ரோல்–சி யையும் பிடித்துக்கொள்வதால் பயனர் மடக்கிலிருந்து வெளியேறவே முடியாது.

கேள்வி: பயனர் 1/3 என்று உள்ளிட வசதியாக, சரத்தைப் பைத்தான் கோவையாகவே இயக்கும் இவால் பயன்படுத்தலாமா?

பதில்: கூடாது. கோப்பை அழிக்கும் கட்டளையைத் தட்டினாலும் இவால் அதை நிறைவேற்றும். பின்னங்களுக்கான ஃப்ராக்ஷன் வகை "1/3" என்ற சரத்தை நேரடியாக ஏற்கும். ஆனால் "1/0" வந்தால் எழுவது வேல்யூஎரர் அன்று, ஜீரோடிவிஷன்எரர், இரண்டையும் பிடியுங்கள்.

கேள்வி: 12×12 அணியின் அணிக்கோவையைக் கேட்டால் கணினி உறைந்துவிடுகிறது.

பதில்: இணைக்காரணி விரிவை, தன்னைத்தானே அழைக்கும் செயற்கூறாக எழுதியிருக்கிறீர்கள். 12 க்கு அது சுமார் 48 கோடி பெருக்கற்பலன்கள். காஸ் நீக்கல் முறையிலோ ஏறத்தாழ 600 பெருக்கல்களில் முடியும். ஒவ்வொரு படியிலும் நிரலில் மட்டு மதிப்பு மிகுந்த உறுப்பு மேலே வரும்படி நிரைகளை மாற்றுங்கள். மாற்றும்போதெல்லாம் குறி மாறும் என்பதை மறவாதீர்கள். தசம எண்களில் விடையைச் சரியாக 0 உடன் ஒப்பிட வேண்டாம்: 0.1 ஐயும் 0.2 ஐயும் கூட்டினாலே 0.3 க்குச் சமமாவதில்லை. அணியின் மிகப் பெரிய உறுப்போடு ஒப்பிட்டு ஒரு சிறு வரம்பை வையுங்கள். அல்லது ஃப்ராக்ஷனையே முழுவதும் பயன்படுத்துங்கள்.

கேள்வி: ஓர் உறுப்பை மாற்றினால் அந்த நிரல் முழுவதும் மாறுகிறது.

பதில்: பூச்சிய நிரை ஒன்றை உருவாக்கி, அதை இன்னொரு லிஸ்டுக்குள் வைத்து 3 ஆல் பெருக்கியிருப்பீர்கள். பைத்தான் அந்த நிரையை நகலெடுப்பதில்லை; மூன்று நிரைகளும் ஒரே லிஸ்ட்தான். ஒவ்வொரு நிரையையும் மடக்கினுள் புதிதாக உருவாக்குங்கள்.