செய்தித் திரையின் தையல் எங்கே? உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

இருபது வருடத்துக்கு மேல் செய்திக் கமரா தூக்கியவன் நான். இப்போது யாழ்ப்பாணத்தில் பிள்ளைகளுக்கு அதைப் பழக்குகிறேன். தொலைக்காட்சிச் செய்தி பற்றி என்னவும் கேளுங்கள் என்று சொன்னேன், நிறையவே வந்துவிட்டன. ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

கொக்குவில், உயர்தர மாணவி: சேர், ஊடகக் கற்கைகளில் குறியீடு, மரபு என்று இரண்டு வருகிறது. என்ன வித்தியாசம்?

தங்கச்சி, சோதனைக்கு உங்கள் ஆசிரியர் தந்த வரைவிலக்கணத்தையே எழுதுங்கள். விளங்குவதற்கு மட்டும் இது. அவசரம் என்று சொல்லாமலே சொல்லும் சிவப்புப் பட்டி, ‘இவர் அழப்போகிறார்’ என்று காட்டும் மிக அண்மைக் காட்சி, தலைப்புச் செய்திக்கு அடியில் தட்டும் தாளம், இவையெல்லாம் குறியீடுகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பொருள் உண்டு. மரபு என்பது வரிசையும் வழக்கமும். நல்லூரில் கொடியேறி, இருபத்துநாலாம் நாள் தேர், அடுத்த நாள் தீர்த்தம். தீர்த்தத்துக்குப் பிறகு கொடியேற்றினால் சின்னப் பிள்ளையும் கேட்கும். அப்படித்தான் தலைப்புகள், முக்கிய செய்தி, வெளிநாடு, விளையாட்டு, வானிலை என்று நாங்கள் பழகிப்போயிருக்கிறோம். யாராவது வானிலையை முதலில் வாசித்தால் உடனே புயலோ என்று நினைப்போம். மரபை உடைப்பதும் ஒரு குறியீடுதான்.

சாவகச்சேரி, ஓய்வுபெற்ற தபாலதிபர்: வாசிக்கிற பிள்ளை கண்ணெடுக்காமல் எங்களைப் பார்த்தே வாசிக்கிறாள். பாடமாக்குவார்களா? பிறகு எதற்குக் கையில் தாள்?

பாடமில்லை ஐயா. கமராவின் வில்லைக்கு (லென்ஸுக்கு) முன்னால் ஒரு கண்ணாடி 45 பாகையில் சாய்ந்து நிற்கும். கீழே கிடக்கும் திரையில் எழுத்துகள் இடம்வலம் மாறி ஓடும், கண்ணாடியில் நேராகத் தெரியும். வாசிப்பவர் அதைப் பார்க்கிறார், கமரா அதே கண்ணாடிக்கூடாக அவரைப் பார்க்கிறது. இதுதான் ரெலிபுரொம்ப்டர். தாள், அது நின்றுபோனால் உதவும். நான் வேலை செய்த ஓரிடத்தில் செய்திக்கு நடுவில் அது நின்றது. அந்த அக்கா தாளைக் குனிந்து பார்த்தார், மூன்றாம் பக்கம் இரண்டு தடவை இருந்தது, நான்காம் பக்கத்தைக் காணோம். மீன்பிடித் தடை பற்றிய செய்தியை இரண்டு முறை வாசித்தார். அதற்குப் பிறகு பக்க எண் போடாத தாளை அவர் கையால் தொட்டதில்லை.

ஆனால் உங்கள் கேள்வியில் இன்னொன்று இருக்கிறது: ஏன் எங்களைப் பார்க்கவேண்டும்? செய்தித் திரையில் பார்வைக்கு ஒரு சாதிப்பிரிவு உண்டு. வாசிப்பாளரும் களச் செய்தியாளரும் நேரே பார்க்கலாம், நாட்டுத் தலைவர் உரையாற்றும்போது பார்க்கலாம். வீடிழந்த அம்மா, வைத்தியர், பொலிஸ் பேச்சாளர், எல்லோரும் பக்கவாட்டில் நிற்கும் செய்தியாளரைப் பார்த்துத்தான் பேசவேண்டும். நேரே பார்ப்பவர் ‘உனக்குச் சொல்கிறேன்’ என்கிறார், மற்றவர்கள் சொல்வதை நாம் பக்கத்தில் நின்று கேட்கிறோம். பிபிசி 1954 யூலையில் தொலைக்காட்சிச் செய்தி தொடங்கியபோது வாசிப்பவர் முகத்தையே காட்டவில்லை. படமும் வரைபடமும் ஓட, குரல் மட்டும் வரும். புருவம் உயர்ந்தால்கூட அது கருத்தாகிவிடும் என்று பயந்தார்கள். 1955 செப்டெம்பரில்தான் முகம் காட்டினார்கள். அதே மாதம்தான் போட்டிக்குப் பிரித்தானியாவின் தனியார் தொலைக்காட்சிச் செய்தி நிறுவனமான ஐ.ரி.என். வந்தது. எங்கள் வீட்டில் சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலியில் பிபிசி தமிழோசை கேட்ட காலத்தில், முகம் தெரியாததால் யாரும் அதை நம்பாமல் விடவில்லை என்பதையும் சொல்லவேண்டும்.

குருநகர், கடற்றொழிலாளர் சங்கத்துத் தம்பி: கச்சேரிக்கு (மாவட்டச் செயலகத்துக்கு) முன்னால் போராட்டம் செய்தோம். ஒரு அலைவரிசையில் சனம் நிரம்பி வழிந்தது, இன்னொன்றில் நாலு பேர் நிற்பதுபோல இருந்தது. யார் பொய் சொன்னது?

இரண்டு கமராவும் அங்கே இருந்ததைத்தான் எடுத்தன, தம்பி. வித்தியாசம் வில்லையிலும் நின்ற இடத்திலும். தூரத்தில் நின்று, தொலைவைக் கிட்ட இழுக்கும் நீள வில்லையால் வீதியின் நீளத்துக்கு எடுத்தால், பத்தடி இடைவெளியில் நிற்பவர்களும் தோளோடு தோள் ஒட்டி நிற்பதாகத் தெரியும். முப்பது பேர் போதும், படச்சட்டம் நிரம்பிவிடும். கிட்டப் போய், பரந்த இடத்தைக் காட்டும் அகல வில்லை போட்டால் வெறும் தார் வீதி தெரியும், முந்நூறு பேரும் சிதறிப்போவார்கள். கீழிருந்து எடுத்தால் பதாகை பெரிதாகும். மதிலில் ஏறி எடுத்தால் ஆட்கள் சிறுத்துவிடுவார்கள்.

நானும் செய்திருக்கிறேன். ‘கூட்டமாகக் காட்டு’ என்று தொலைபேசியில் சொல்வார்கள், ‘பெரிசாகக் காட்டாதே’ என்றும் சொல்வார்கள். இரண்டுக்கும் ஒரே இடத்தில் நின்று வில்லையை மட்டும் மாற்றியதுண்டு.

பார்ப்பவர் ஒன்றைத் தேடினால் போதும்: கூட்டத்தின் ஓரம். ஓரமே காட்டாமல் முழுச் செய்தியும் முடிந்தால் எண்ணிக்கையை நம்பாதீர்கள். உங்கள் போராட்டத்தை நீங்களே எடுத்தால் கூரையிலிருந்து ஒரு காட்சி எடுத்து வையுங்கள். பிறகு வாதாட உதவும்.

மானிப்பாய், இல்லத்தரசி: நேரலையில் கேள்வி கேட்டதும் அந்தப் பக்கம் நிற்பவர் ஏன் சிலைபோல நிற்கிறார்?

நேரலை போய்வரும் செய்மதி பூமிக்கு மேலே சுமார் 36,000 கிலோமீற்றரில் இருக்கிறது அக்கா. கேள்வி ஏறி இறங்கக் கால் விநாடி, பதில் வர இன்னொரு கால் விநாடி, அப்புறம் கருவிகள் எடுக்கும் நேரம். அவர் தலையாட்டிக்கொண்டு நிற்பதும் பழக்கிவிட்டதுதான். இல்லையென்றால் படம் உறைந்துவிட்டது என்று நினைப்பீர்கள்.

உடுவில்: கீழே ஓடும் எழுத்து எப்போது வந்தது?

முன்பும் தேவைக்கு ஓடியதுதான். 2001 செப்டெம்பர் 11 அன்று அமெரிக்கச் செய்தி அலைவரிசைகள் போட்டன, பிறகு பல வருடம் எடுக்கவே இல்லை. எனக்கு அது பிடிக்காது. கண் கீழே போனால் காது மூடிவிடுகிறது.

திருநெல்வேலி, பல்கலைக்கழக மாணவர்: பேட்டியில் பேசிக்கொண்டிருக்கும்போது திடீரென்று கையையோ, செய்தியாளர் தலையாட்டுவதையோ ஏன் காட்டுகிறார்கள்?

பெரும்பாலும் அங்கேதான் தையல். பத்து நிமிடப் பேச்சை இருபது விநாடி ஆக்கும்போது, இரண்டு துண்டை நேரே ஒட்டினால் தலை குதிக்கும். அதை மறைக்க நடுவில் கை, மூக்குக்கண்ணாடி, தலையாட்டல். ஒற்றைக் கமரா என்றால் பேட்டி முடிந்தபின் செய்தியாளரைத் தனியே நிறுத்தித் தலையாட்ட வைத்து எடுப்போம். எதிரே வெறும் கதிரை இருக்கும். இதில் தப்பில்லை, துண்டுகள் பேசியவரின் கருத்தைத் திருப்பாதவரை. ‘ஆனால்’ என்று அவர் தொடங்கிய இடத்தில் கை வந்தால் எனக்குச் சந்தேகம் வரும்.

பருத்தித்துறை, ஆசிரியை: ஒரே மரணத்துக்கு ஒருவர் ‘உயிரிழந்தார்’, மற்றவர் ‘கொல்லப்பட்டார்’ என்கிறார்களே?

ரீச்சர், படத்தைவிட இதில்தான் சண்டை அதிகம். ‘காலமானார்’ மதிப்புக்குரியவருக்கு, ‘பலி’ தலைப்பில் இடம் மிச்சம் பிடிக்க. ‘உயிரிழந்தார்’ என்றால் செய்தவர் வாக்கியத்தில் இல்லை. ‘கொல்லப்பட்டார்’ என்றால் செய்தவர் ஒருவர் இருக்கிறார், பெயர் மட்டும் சொல்லவில்லை. விசாரணை முடியாதபோது முதலாவது பாதுகாப்பு. யார் சுட்டது என்று தெரிந்தும் அதையே சொன்னால் அது ஒளிப்பு. தமிழில் இன்னொரு சிக்கல், ‘என்று அமைச்சர் தெரிவித்தார்’ கடைசியில்தான் வரும். அதற்குள் கேட்பவர் அதை உண்மையாகவே எடுத்துவிடுவார். அதனால் சொன்னவரை முதலில் வைத்து எழுதச் சொல்லித்தான் என் பிள்ளைகளுக்குப் பழக்குகிறேன்.

கரவெட்டி: முகத்தை மங்கலாக்கினால் போதுமா?

எங்கள் ஊரில் போதாது. பாலியல் குற்றத்தில் பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவதைச் சட்டமே தடுக்கிறது. ஆனால் முகத்தை மறைத்துவிட்டு பாடசாலைக் கழுத்துப்பட்டியையும் வீட்டுப் படலையையும் சந்திக் கடையையும் காட்டினால், வடமராட்சியில் யாருக்குத்தான் தெரியாது? குரல், நடை, சைக்கிள், எல்லாமே முகம்தான். ஐயம் என்றால் அந்தக் காட்சியையே விடவேண்டும். வெறும் வானத்தைக் காட்டியும் செய்தி சொல்லலாம்.

சுன்னாகம், பயிற்சி வாசிப்பாளர்: அண்ணா, முதல் நாளுக்குப் பச்சைச் சேலை கட்டலாமா?

பின்னால் பச்சைத் திரை (பச்சை தெரியும் இடமெல்லாம் வேறு படம் வைப்பதற்கு) என்றால் கட்டாதீர்கள் பிள்ளை, தலையும் கையும் மட்டும் வானிலை வரைபடத்தில் மிதக்கும்.