மணியை மட்டும் அடித்துவிடாதீர்கள்!

வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் கோயிலையும் கடற்கரையையும்விட பார் பற்றித்தான் அதிகம் கேட்டிருக்கிறார்கள் நம் வட ஆற்காட்டு வாசகர்கள். ஒளிவுமறைவில்லாமல் கேட்டவர்களுக்கு ஒளிவுமறைவில்லாமலே பதில்.

தோல் கம்பெனி நண்பர்கள் ஆறு பேர் நான்கு இரவு தாய்லாந்தின் பட்டாயா போகிறோம். எல்லோருக்கும் இதுதான் முதல் முறை. பார்ல பில்லைப் போட்டு மொட்டை அடிச்சிடுவாங்கன்னு பயமுறுத்துறாங்க. இன்னா பண்றது?
வாசகர், ராணிப்பேட்டை

பயம் வேண்டாம், கணக்கு வேண்டும். அங்கே சாதாரண பீர் பாரில் உட்கார்ந்ததும் உங்கள் முன்னால் ஒரு சின்னக் குவளை வைப்பார்கள். ஒவ்வொரு ஆர்டருக்கும் ஒரு சீட்டு சுருட்டி அதில் செருகப்படும். அதுதான் உங்கள் பில். புதுச் சீட்டு வந்த உடனே பிரித்துப் பார்த்துவிட்டுத் திரும்பச் செருகுங்கள், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். கடைசியில் இருபது சீட்டை மொத்தமாகப் பிரித்து வைத்துச் சண்டை போட்டால்தான் எடுபடாது. இன்னொன்று, ஆறு பேருக்கும் சேர்த்து ஒரே குவளை வைக்க விடாதீர்கள். ஆளுக்கொன்று கேளுங்கள். பட்டாயாவில் நண்பர்களுக்குள் மனஸ்தாபம் வருவதே இந்தப் பொதுக் குவளையால்தான்.

பக்கத்தில் வந்து பேசும் பெண் தனக்கொரு டிரிங்க் கேட்பார். 'லேடி டிரிங்க்' என்று தனி விலை, உங்கள் பீரைவிட அதிகம். அதில் ஒரு பங்கு அவருடைய கமிஷன். வேண்டாமென்றால் சிரித்தபடி 'நோ' என்று வாயைத் திறந்து சொல்லுங்கள். 'பார்க்கலாம்' என்று நாம் ஆட்டும் தலையை அங்கே 'சரி' என்று எடுத்துக்கொண்டு அடுத்த சீட்டு வந்துவிடும்.

கவுன்டருக்கு மேலே ஒரு பித்தளை மணி தொங்கும். மணியைப் பார்த்தால் ஒரு தட்டு தட்டிவிட்டுப் போவது நமக்குக் கோயிலில் வந்த பழக்கம். அங்கே அதை அடித்தால், பாரில் இருக்கும் எல்லோருக்கும், வேலை செய்பவர்கள் உட்பட, ஒரு ரவுண்டு உங்கள் செலவு என்று அர்த்தம். 'விளையாட்டுக்கு அடித்தேன்' என்பது செல்லாது.

பட்டாயா வாக்கிங் ஸ்ட்ரீட்டிலும் பாங்காக் பாட்பாங் தெருவிலும் அட்டையைக் காட்டி 'பீர் நூறு பாட் (தாய்லாந்துப் பணம்), ஷோ இலவசம்' என்று மாடிக்குக் கூப்பிடுவார்கள். ஏறாதீர்கள். மேலே போனால் ஷோவுக்கு, உட்கார்ந்ததற்கு, ஆளுக்கொரு கட்டாய டிரிங்குக்கு என்று பில் ஆயிரக்கணக்கில் வரும், கதவருகே இரண்டு பேர் நிற்பார்கள். மாட்டிக்கொண்டால் கைகலப்பு வேண்டாம். கொடுத்துவிட்டு வெளியே வந்து 1155 என்ற எண்ணுக்கு அடியுங்கள். அது சுற்றுலாப் போலீஸ், ஆங்கிலத்தில் பேசலாம்.

ஏடிஎம்மில் நம் கார்டு போட்டால் ஒவ்வொரு முறையும் 220 பாட்டோ அதற்கு மேலோ அங்கத்திய வங்கிக் கட்டணம் பிடிக்கும். அதனால் தினமும் ஆயிரம் ஆயிரமாக எடுப்பது வீண். ஆனால் மொத்தத்தையும் பாருக்குக் கொண்டு போகாதீர்கள். அன்றைய இரவுக்கானதை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியை அறை லாக்கரில் வையுங்கள். கார்டு தேய்க்கும்போது மெஷின் 'ரூபாய் கணக்கிலா, பாட் கணக்கிலா' என்று கேட்டால் பாட் என்பதையே தேர்ந்தெடுங்கள். ரூபாய் என்று அமுக்கினால் மாற்று விகிதத்தில் கூடுதலாகக் கழியும்.

தெருவில் ஓடும் சோங்தேவ் நம் காட்பாடி–பாகாயம் ஷேர் ஆட்டோ மாதிரிதான். பின்னால் ஏறி, இறங்க வேண்டிய இடத்தில் பட்டனை அமுக்கி, இறங்கிய பிறகு சில்லறையை நீட்டுங்கள். ஏறும் முன் 'எவ்வளவு' என்று கேட்டீர்களோ, தனி வாடகையாக்கிவிடுவார்கள்.

பக்கெட்டில் சரக்கு தருகிறார்களாமே, அது நம்ம அளவில் எவ்வளவு? காக்டெயிலில் போதையே இருக்காது என்கிறானே நண்பன்?
வாசகர், வாணியம்பாடி

நண்பரை நம்பாதீர்கள். தாய்லாந்து பக்கெட் என்பது குழந்தைகள் மணலில் விளையாடும் வாளி அளவுதான். அதில் ஐஸ், கோக், அந்த ஊர் கெட்டி ரெட்புல் எனர்ஜி டிரிங்க், கூடவே 350 மி.லி. பாட்டில் ரம்மை அப்படியே கவிழ்ப்பது வழக்கம். நம் குவார்ட்டர் 180 மி.லி. ஆக, ஒரு பக்கெட் கிட்டத்தட்ட இரண்டு குவார்ட்டர், 30 மி.லி. ஸ்மால் கணக்கில் பதினொன்றரை ஸ்மால். நான்கு ஸ்ட்ரா போட்டுத் தருவது நான்கு பேர் குடிக்கத்தான். ரெட்புல்லின் இனிப்பு சாராய நெடியை மறைக்கும், அதிலுள்ள கஃபீன் தூக்கத்தை விரட்டும். போதை குறைவதில்லை, போதை ஏறியது தெரிவதுதான் குறைகிறது.

லாங் ஐலண்ட் ஐஸ்ட் டீ பார்க்கக் கட்டஞ்சாயா போலிருக்கும். வோட்கா, ரம், ஜின், டெக்கீலா, டிரிபிள் செக் (ஆரஞ்சு லிக்கர்) என்று ஐந்தும் தலா 15 மி.லி., மொத்தம் 75 மி.லி., அதாவது இரண்டரை ஸ்மால். இரண்டு கிளாஸ் குடித்தால் ஒரு குவார்ட்டருக்குக் கொஞ்சம்தான் குறைவு. ஒரு ஸ்மாலைக் கரைக்க ஈரலுக்குச் சுமார் ஒரு மணி நேரம் வேண்டும். காபி, எலுமிச்சை, குளியல் எதுவும் அதை வேகப்படுத்தாது. இரவு இரண்டு மணிக்கு முடித்த குவார்ட்டர் காலை எட்டு மணிப் படகுப் பயணத்தின்போதும் உடம்பில் இருக்கலாம். பவழத் தீவு டூரில் வாந்தி எடுப்பவர்களில் பலருக்குக் காரணம் அலை இல்லை.

மலிவுச் சரக்கு குடித்துச் சுற்றுலாப் பயணிகள் செத்தார்கள் என்று படித்தேன். எதைக் குடித்தால் ஆபத்து?
வாசகர், குடியாத்தம்

2024 நவம்பரில் லாவோஸின் வாங் வியெங் ஊரில் ஆறு வெளிநாட்டுப் பயணிகள் இறந்தார்கள். அதே ஆண்டு ஜூனில் நம் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்ற அதே விஷச் சாராயம், மெத்தனால்தான் காரணம். வரி அதிகமுள்ள இடங்களில் பெரிய பிராண்ட் காலி பாட்டிலில் போலியை நிரப்பி விற்கிறார்கள். பாலியில் வீட்டில் காய்ச்சிய 'அரக்' கலந்த காக்டெயிலாலும் இது நடந்திருக்கிறது.

மெத்தனாலை வாசனையிலோ ருசியிலோ கண்டுபிடிக்க முடியாது. உடம்பு அதை முதலில் ஃபார்மால்டிஹைடாகவும் பிறகு ஃபார்மிக் அமிலமாகவும் மாற்றுகிறது. கண் நரம்பைக் கெடுப்பது அந்த அமிலம். மாறுவதற்கு நேரமாவதால் குடித்த இரவு ஒன்றுமே தெரியாது. சாதாரண ஹேங்கோவர் நேரமாக ஆகக் குறையும். இது 12 முதல் 24 மணி நேரம் கழித்து அதிகமாகும்: வயிற்றுவலி, மூச்சு வாங்கல், பார்வையில் பனி விழுகிற மாதிரி வெள்ளை மூட்டம். பார்வை மங்கினால் தூங்கிச் சரிசெய்ய நினைக்காதீர்கள். டயாலிசிஸ் வசதியுள்ள பெரிய மருத்துவமனைக்குப் போய் 'மெத்தனால்' என்ற சொல்லைச் சொல்லுங்கள். மாற்று மருந்து உண்டு, ஆனால் மணிக்கணக்கு முக்கியம்.

இலவச ஷாட், கலந்து வைத்த ஜக், லேபிள் இல்லாத பாட்டில் மூன்றையும் தவிர்க்கலாம். உங்கள் கண்முன் மூடி திறக்கும் பாட்டில் பீரோ கேன் பீரோ பாதுகாப்பானது. எங்கள் கணக்கில் பக்கத்துக் கடையின் பாதி விலைக்குக் கிடைக்கும் வோட்கா வோட்காவே இல்லை.

வயது 52. சர்க்கரைக்கு கிளிமிப்ரைடு, மெட்ஃபார்மின் சாப்பிடுகிறேன். மகன் பாங்காக் அழைத்துப் போகிறான். இரண்டு பெக் போடலாமா?
வாசகர், சத்துவாச்சாரி

உங்கள் டாக்டர்தான் இதற்கு அனுமதி தர வேண்டும். அவரிடம் 'கிளிமிப்ரைடு' என்ற பெயரைக் குறிப்பிட்டுக் கேளுங்கள், விஷயம் அதில்தான் இருக்கிறது. அந்த மாத்திரை இன்சுலினைச் சுரக்க வைத்து சர்க்கரையை இறக்கும். இறங்கும்போது தாங்கிப் பிடிப்பது ஈரல் விடும் சர்க்கரை. மது உள்ளே போனதும் அந்தச் சர்க்கரையைத் தயாரிக்கும் ஈரலின் வேலை தடைபடுகிறது. சாப்பிடாமல் குடித்தால் நடு இரவிலோ விடியற்காலையிலோ லோ சுகர் வரும். மெட்ஃபார்மினோடு அளவு மீறிக் குடித்தால் ரத்தத்தில் லாக்டிக் அமிலம் ஏறும் அபாயமும் உண்டு.

வியர்வை, கை நடுக்கம், குளறல் எல்லாம் லோ சுகரின் அறிகுறிகள். பாரில் இருப்பவர்களுக்கு அது 'சரக்கு ஏறிடுச்சு' என்றுதான் தோன்றும், தூங்கட்டும் என்று படுக்க வைத்துவிடுவார்கள். இதை மகனுக்கு இப்போதே சொல்லி வையுங்கள். சந்தேகம் வந்தால் குளுக்கோமீட்டரில் பார்க்க வேண்டும். 70-க்குக் கீழே என்றால் மூன்று டீஸ்பூன் சர்க்கரை கரைத்த தண்ணீர், 15 நிமிடம் கழித்து மறுபடி பரிசோதனை. நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, 1669-க்கு ஆம்புலன்ஸ் கூப்பிட வேண்டும்.

டாக்டர் சரி என்றால், இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு, சோடாவில், படுக்கும் முன் ஒரு முறை சர்க்கரை பார்த்துவிட்டு. அங்கே கடிகாரம் நம்மைவிட ஒன்றரை மணி நேரம் முன்னால் ஓடும், மாத்திரை நேரத்தையும் அதற்கேற்ப டாக்டரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

தோழிகள் மூன்று பேர் சிங்கப்பூர் போகிறோம். கிளார்க் கீ பக்கம் இரவில் போகலாமா? என்ன விதிகள்?
வாசகி, காட்பாடி

தாராளமாகப் போகலாம். 18 வயது நிரம்பியிருக்க வேண்டும். மெனுவில் விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி இருக்கும்: 10 சதவீத சர்வீஸ் சார்ஜ், அதையும் சேர்த்த தொகைக்கு 9 சதவீத ஜிஎஸ்டி. 20 டாலர் காக்டெயில் பில்லில் 23.98 ஆகும். டிப்ஸ் தனியாகத் தர வேண்டாம்.

இரவு 10.30 முதல் காலை 7 வரை கடையில் மது வாங்க முடியாது, பொது இடத்தில் குடிக்கவும் கூடாது. ஆற்றங்கரைப் படிக்கட்டில் கேனோடு உட்கார்ந்தால் 1,000 டாலர் வரை அபராதம். லிட்டில் இந்தியாவில் இன்னும் கெடுபிடி. 2013 கலவரத்துக்குப் பிறகு வந்த சட்டத்தில் அங்கே வார இறுதி முழுக்கப் பொது இடத்தில் குடிக்கத் தடை. மெட்ரோ நள்ளிரவு வாக்கில் நின்றுவிடும், திரும்ப கிராப் டாக்சிச் செலவையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எந்த ஊரானாலும் கிளாஸை மேஜையில் விட்டு ஆடப் போகாதீர்கள். மூவரும் எழுந்தால் அந்தக் கிளாஸோடு கணக்கு முடிந்தது, திரும்பி வந்து புதிது வாங்குங்கள். ஒரு கிளாஸிலேயே ஒருத்திக்குக் கால் தள்ளாடினால் 'குடிக்கத் தெரியலை' என்று கிண்டல் செய்யாமல், ஒருவர் கூடவே நின்று இன்னொருவர் பார் ஊழியரைக் கூப்பிட வேண்டும்.

இலங்கையிலும் தாய்லாந்திலும் சில நாள் மதுக்கடை மூடுவார்களாம். எப்படித் தெரிந்துகொள்வது?
வாசகர், போளூர்

நம் தினசரிக் காலண்டரே போதும். இலங்கையில் ஒவ்வொரு பௌர்ணமியும் போயா நாள், மது விற்பனை கிடையாது. வேலூரிலிருந்து கிரிவலத்துக்குச் சிறப்புப் பேருந்து விடும் அன்று கொழும்பில் பார் மூடியிருக்கும். தாய்லாந்தில் மாசி, வைகாசிப் பௌர்ணமிகளை ஒட்டியும் ஜூலையில் வரும் பௌர்ணமியை ஒட்டியும் புத்தப் பண்டிகைகள் வரும், அன்றும் மது விற்பனைக்குத் தடை. சில வகை இடங்களுக்கு விலக்கு உண்டு, ஆனால் கடையில் வாங்க முடியாது.

குடிப்பழக்கம் இல்லை. நண்பர்களோடு போனால் சும்மா உட்கார முடியுமா?
வாசகர், ஆம்பூர்

சோடாவில் எலுமிச்சை போட்டு வாங்கிக்கொண்டு இரவு முழுக்க உட்காரலாம். கிளப்பில் நுழைவுக் கட்டணத்தோடு ஒரு டிரிங்க் சேர்ந்திருந்தால், அதை ஜூஸாகவும் கேட்டு வாங்கலாம். ஒரே ஒரு யோசனை: அறைச் சாவியையும் எல்லோருடைய பாஸ்போர்ட் நகலையும் உங்களிடம் தருவார்கள். வாடகை ஸ்கூட்டர் சாவியையும் சேர்த்துக் கேட்டு வாங்கிவிடுங்கள். ஆர்.டி.ஓ. தரும் சர்வதேச ஓட்டுநர் அனுமதி இருந்தாலும், குடித்துவிட்டு விழுந்தால் பயணக் காப்பீடு பொதுவாகப் பணம் தராது.

திரும்பும்போது எத்தனை பாட்டில் கொண்டு வரலாம்?
வாசகர், ஆற்காடு

ஆளுக்கு இரண்டு லிட்டர் வரை சுங்கவரி இல்லை. டியூட்டி ஃப்ரீ பையின் சீலைச் சென்னையில் இறங்கும் வரை கிழிக்காதீர்கள். நடுவில் விமானம் மாறினால், கிழிந்த பையைப் பாதுகாப்புச் சோதனையில் பிடுங்கிவிடுவார்கள்.

பாட்டிலைவிடப் பெரிய சிக்கல் வேறு இருக்கிறது. தாய்லாந்தில் பச்சை இலை போர்டு மாட்டிய கடைகளில் கஞ்சா விற்கிறார்கள். 2025 ஜூனிலிருந்து அங்கேயே மருத்துவர் சீட்டு கேட்கிறார்கள். இந்தியாவுக்குள் கொண்டு வந்தால் போதைப்பொருள் தடுப்புச் சட்டம், ஜாமீன் கிடைப்பதே கஷ்டம். மிட்டாய், பிஸ்கட், 'கம்மி' எனும் ஜெல்லி மிட்டாய் வடிவில் இருந்தாலும் அதே வழக்குதான். வேப் எனும் இ-சிகரெட் இரண்டு நாட்டிலும் தடை. 'இந்தப் பார்சலைச் சென்னையில் ஒருத்தர் வந்து வாங்கிக்குவார்' என்று யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள். அறையைக் காலி செய்யும் முன் பெட்டியின் பக்கவாட்டு ஜிப்பையும் ஜீன்ஸின் சின்னப் பாக்கெட்டையும் ஒரு முறை திருப்பிப் பாருங்கள். பாதி தின்று மறந்த கம்மி பாக்கெட் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.