இரண்டாம் தடவையும் அம்மா பதில் சொல்லத்தான் வேண்டுமா?

மட்டக்களப்பு கல்லடியிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். 2004 சுனாமியில் இரண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்த அவருடைய தாயாரிடம், மனநிலை பற்றிய ஆய்வு என்று சொல்லி, இரண்டு மணித்தியாலம் பேசவைத்து ஒலிப்பதிவு செய்துகொண்டு போயிருக்கிறார்கள். ஆங்கிலப் படிவத்தில் கையெழுத்து வாங்கி, உலருணவுப் பொதி ஒன்றும் கொடுத்திருக்கிறார்கள். அன்று முதல் தாயாருக்கு உறக்கமில்லை. அடுத்த கிழமை மறுபடியும் வருவார்களாம்; மறுத்தால் பொதியைத் திருப்பித் தர வேண்டும், அஸ்வெசும கொடுப்பனவும் நின்றுவிடும் என்று அவர்களை அழைத்து வந்தவர் சொல்கிறாராம்.

இரண்டும் பொய். தாயார் எந்த நேரத்திலும், காரணம் சொல்லாமலே விலகலாம். சம்மதப் படிவம் கடன் பத்திரம் அல்ல. அதிலும் வாசிக்கத் தெரியாத மொழியில் இட்ட கையெழுத்தைச் சம்மதம் என்று, ஆய்வுகளுக்கு அனுமதி வழங்கும் எந்த ஒழுக்கநெறிக் குழுவும் ஏற்கக் கூடாது. அஸ்வெசும அரசின் நலன்புரித் திட்டம், அதில் ஆய்வாளருக்கு எந்தக் கையும் இல்லை.

பொதியைப் பற்றிச் சொல்வதானால், 1961 இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஸ்டான்லி மில்கிராம் நடத்திய, இன்றும் கண்டிக்கப்படுகிற கீழ்ப்படிவுப் பரிசோதனையில்கூட (சொன்னதற்குப் பணிந்து இன்னொருவருக்கு மின்னதிர்ச்சி கொடுப்பார்களா என்று பார்த்த பரிசோதனை அது), வந்ததற்கே இந்தப் பணம் உங்களுடையது, பின்னர் என்ன நடந்தாலும் வைத்துக்கொள்ளலாம் என்றுதான் பங்கேற்றவர்களிடம் சொல்லப்பட்டது. அங்கே நிறுத்தப் பார்த்தவர்களிடம், "நீங்கள் தொடர்வது பரிசோதனைக்கு அவசியம்" என்று சாம்பல் நிற அங்கி அணிந்து பரிசோதகராக நின்றவர் அமைதியாகச் சொன்னார். அதன் முதன்மை வடிவத்தில் நாற்பது பேரில் 26 பேர் இறுதிவரை மின்விசையை அழுத்தினார்கள். (மின்சாரம் உண்மையில் பாயவில்லை, அது அவர்களுக்குத் தெரியாது.) உங்கள் வீட்டு முற்றத்தில் நின்று "தொடங்கினதை முடிக்க வேணும்" என்று சொல்கிறவரும் அதே வேலையைத்தான் செய்கிறார்.

அந்த ஆளைப் பற்றித்தான் என் பெரிய கவலை. களப்பணி இணைப்பாளர் என்று பெயர். ஆள் கணக்கில் கூலி வாங்குகிறவர்கள் பலர். சாட்சியின் கையெழுத்தும் திகதியும் ஒரே நீலப் பேனாவால் இருபது படிவங்களிலும் முன்கூட்டியே நிரப்பப்பட்டிருந்ததை நானே கண்டிருக்கிறேன். குழுக்களோ கொழும்பிலோ வேறெங்கோ இருந்து கோப்பைப் பார்த்து அனுமதி இலக்கம் கொடுக்கின்றன. ஒழுங்கையில் இறங்கிப் பார்ப்பதில்லை. 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் பாராளுமன்றத்தில் நிறைவேறியும், அதன் முக்கிய பகுதிகள் நடைமுறைக்கு வரும் நாள் தள்ளிப் போடப்பட்டது. நாம் யாரிடம் போய்க் கேட்பது?

ஒன்றை மட்டும் விளங்கிக்கொள்ளுங்கள். ஒலிப்பதிவு தாயாரின் பெயரோடோ ஆய்வில் அவருக்கு இட்ட இலக்கத்தோடோ இருக்கும்வரை அழிக்கச் சொல்லலாம், அழிக்கத்தான் வேண்டும். ஆனால் பெயரும் இலக்கமும் நீக்கப்பட்டு, நூறு பேருடைய பதில்களோடு எண்களாகக் கலந்துவிட்டால், எது உங்கள் தாயாருடையது என்று ஆய்வாளராலும் பிரித்தெடுக்க முடியாது. அறிக்கை வெளியானபின்னும் அப்படித்தான். ஒலிநாடாவில் உள்ள குரல் அந்தக் கணக்கில் சேராது, குரலே அடையாளம். ஆகவே "எல்லாம் கலந்துவிட்டது" என்று சொன்னால், ஒலிப்பதிவுக் கோப்பு எங்கே என்று தனியாகக் கேளுங்கள். தாமதித்தால் நட்டம் உங்களுக்கு.

அழைத்து வந்தவரோடு வாதாட வேண்டாம். பிரதான ஆய்வாளரின் பெயர், தொலைபேசி, அனுமதி வழங்கிய குழு, அனுமதி இலக்கம் ஆகியவற்றைத் தமிழில் எழுதித் தரச் சொல்லுங்கள். தர மறுத்தால் கதவைச் சாத்துங்கள். பிறகு தாயார் விலகுவதாகவும், ஒலிப்பதிவை அழித்து எழுத்தில் அறிவிக்கும்படியும் நான்கு வரியில் எழுதி, ஆய்வாளருக்கும் குழுவுக்கும் அனுப்பி, ஒரு பிரதியை வைத்துக்கொள்ளுங்கள்.

உறக்கமின்மை இன்னொரு விடயம். துயரத்தைக் கிளறுகிற ஆய்வாளர், பேசி முடித்தபின் யாரை நாடலாம் என்று சொல்லிவிட்டுத்தான் எழுந்திருக்க வேண்டும். அவர் செய்யாததால் நீங்களே தாயாரை மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குக் கூட்டிச் செல்லுங்கள். இரவில் தாங்க முடியாவிட்டால் 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு அழையுங்கள்.