விற்ற வண்டிக்கு எனக்கே சலான் வருகிறதே?

கேள்வி: கடலூரில் இருக்கிறேன். டி.என். 31 பதிவெண் கொண்ட என் பைக்கை ஒன்றரை வருடத்துக்கு முன் புதுச்சேரிக்காரர் ஒருவருக்கு விற்றேன். பெயர் மாற்றத்துக்கான 29, 30 படிவங்களில் கையெழுத்துப் போட்டு ஆர்.சி. புக்கையும் கொடுத்துவிட்டேன். அவர் பெயர் மாற்றவில்லை. ஹெல்மெட் இல்லை, மூன்று பேர் சவாரி என்று என் செல்லுக்கு சலான் வருகிறது. நான் கட்ட வேண்டுமா?

பதில்: ஹெல்மெட் சலான் ஆயிரம் ரூபாயோடு போய்விடும். முதலில் அந்த வண்டிக்கு இன்சூரன்ஸ் நடப்பில் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். இல்லாத நிலையில் யார் மீதாவது மோதினால் நஷ்டஈடு உங்கள் தலையில் விழும். மோட்டார் வாகனச் சட்டப்படி, பதிவில் யார் பெயரோ அவரே உரிமையாளர். பல கை மாறிய கார் ஒன்றின் விபத்து வழக்கில், நவீன் குமார் எதிர் விஜய் குமார், 2018இல் உச்ச நீதிமன்றம் இதையே சொன்னது. காலாவதியாகியிருந்தால் மூன்றாம் நபர் பாலிசியை நீங்களே எடுத்துவிடுங்கள். கைக்காசு போனாலும் பரவாயில்லை.

தவறு வாங்கியவருடையது மட்டுமல்ல. 50ஆம் பிரிவின்படி விற்றவரும் தகவல் கொடுக்க வேண்டும். மாநிலத்துக்குள் 14 நாள், வெளியே 45 நாள். எல்லையிலுள்ள முள்ளோடை தாண்டினால் வேறு பதிவு எல்லை. புதுச்சேரியில் பெயர் மாற கடலூர் ஆர்.டி.ஓ. ஆபீஸின் தடையில்லாச் சான்று வேண்டும். அதற்கு 28ஆம் படிவத்தில் விண்ணப்பிக்க வேண்டியவர் நீங்கள். அதில் சேஸிஸ் எண்ணைப் பென்சிலால் தேய்த்தெடுத்த அச்சை ஒட்டவேண்டும், ஆகவே வண்டி கைக்கு வராமல் வேலை நடக்காது. நிலுவைச் சலான்களை அவரையே கட்டச் சொல்லுங்கள். இல்லையென்றால் ஃபைல் நகராது.

அவர் இழுத்தடித்தால் அவருக்கு ஸ்பீடு போஸ்ட்டில் கடிதம் அனுப்பி, சேர்ந்ததற்கான சான்றை வைத்துக்கொள்ளுங்கள். விற்ற தேதியும் நேரமும் உள்ள டெலிவரி நோட்டின் நகலை இணைத்து, ஆர்.டி.ஓ.வுக்கும் காவல் நிலையத்துக்கும் மனு கொடுத்து, காவல் நிலையத்தில் மனு பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்குங்கள். வண்டி திருடுபோனதாகப் புகார் கொடு என்று யாராவது யோசனை சொல்வார்கள். வேண்டாம், பொய்ப் புகார் உங்கள் மீதே வழக்காகும்.

சலானில் உள்ள போட்டோவைப் பதிவிறக்கி வையுங்கள். ஓட்டியவர் யார் என்று போலீஸ் கேட்டால் 133ஆம் பிரிவின்படி பெயர், முகவரி சொல்லியே ஆகவேண்டும். ஆன்லைனில் நடக்கும் மெய்நிகர் நீதிமன்றத்துக்குப் போன சலானைக் கட்டினால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகும். மறுக்க விரும்பினால் ‘வழக்காட விருப்பம்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள்.

பெயர் மாறும்வரை பதிவில் உள்ள உங்கள் செல் எண்ணை மாற்றாதீர்கள். அந்த வண்டி என்ன செய்கிறது என்று உங்களுக்குத் தெரிவிப்பது அது ஒன்றுதான்.